பதினேழாம் நாள் வந்தவர்

சாமியானாக்காரர் கடைசிக் கம்பியையும் பிடுங்கிக்கொண்டு போன மத்தியானம் அது. வாடகை நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஏற்றிய சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. பிறகு அதுவும் அடங்கிவிட்டது. கம்பி நட்ட குழிகள் வாசலில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

நான் கூடத்தில் தரையில் படுத்திருந்தேன். கன்னத்தில் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி. மேலே மின்விசிறி சுற்றுவது ரொம்பத் தூரத்தில் யாரோ துணி துவைப்பது மாதிரிக் கேட்டது. என் கணவர் பின்கட்டில் ஏற்கனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

பதினாறு நாளும் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அன்றைக்கு எங்கள் இரண்டு ஜோடி மட்டும்தான்.

வாசலில் ஒரு நிழல் விழுந்தது.

“யம்மா, உள்ள வரலாமா?”

கறுப்பு புர்கா, மடக்கிய குடை, தோளில் பெரிய துணிப்பை. யாரென்று பிடிபட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வியாழக்கிழமைகளில் சாப்பாட்டு நேரத்துக்கு எங்கள் கம்பெனி வாசலில், வாய்க்கால் கட்டையின் மேல் நைட்டிகளைப் பரப்பி விற்கிற மங்கலம்பேட்டை அக்கா. பெயர்கூடத் தெரியாது. நைட்டி அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

“ஒங்க கம்பெனி பொண்ணுங்க சொன்னாங்க. நேத்தோட காரியம் முடிஞ்சிதாமே. இன்னைக்கி யாரும் வரமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அதான் வந்தேன்.”

பையை இறக்கிவைத்துவிட்டு என் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கேட்டார்.

“பொண்ணு பேரு என்னா?”

பதினாறு நாளில் யாரும் அவள் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. பாப்பா என்றார்கள், பொண்ணு என்றார்கள், சிலர் ‘அது’ என்றார்கள்.

“யாழினி.”

“யாழினிக்கு என்னா புடிக்கும்?”

 “தயிர் சோத்துல மிக்சரைக் கொட்டிப் பெசஞ்சி திம்பா” என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்தேன். அந்தச் சத்தத்தில் நானே பயந்துபோனேன். பின்கட்டிலிருந்து என் கணவர் ஈரக்கையோடு ஓடிவந்து நிலைப்படியில் நின்றார்.

ஒரு கடிதத்துக்குப் பதில்

பீங்கான் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையை இந்தப் பத்திரிகைத் தொடரில் இத்தனை வாரமாகச் சொல்லி வருகிறேன். நடுவில் ஒரு வாசகி எழுதியிருந்தார்: ‘மாமியாரைப் பற்றி எழுதுகிறீர்கள், மேஸ்திரியைப் பற்றி எழுதுகிறீர்கள். உங்களுக்குப் பிள்ளைகள் இல்லையா?’

அந்தக் கடிதத்தைப் பல நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரே ஒரு பெண் இருந்தாள், அம்மா. ஒன்பதாவது படித்தாள். அவளைப் பற்றி எழுத எனக்கு இத்தனை வாரம் ஆகியிருக்கிறது.

எங்கள் தொழிற்பேட்டையில் நின்று பார்த்தால் எல்லாமே வெள்ளையாகத் தெரியும். வேப்பிலை மேலே வெள்ளைத் தூள், சைக்கிள் சீட்டு மேலே வெள்ளைத் தூள். கூழாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி, காய்ந்த பொம்மையைப் பிரித்தெடுத்து, ஓரத்துப் பிசிறை ஈரப் பஞ்சால் துடைப்பது என் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருவம்கூட நரைத்திருக்கும். “அம்மா, பவுடர் டப்பாவுல உழுந்து எழுந்து வரியா?” என்பாள் யாழினி.

சூளையில் நெளிந்துபோன பொம்மைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவாள். காது போன யானை, கழுத்து சாய்ந்த கொலுச் செட்டியார். அவற்றை ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு வியாதி சொல்வாள். செட்டியாருக்குக் கழுத்துச் சுளுக்கு. யானைக்குச் சந்தைக்கடை சத்தம் ஆகாது.

ரெண்டு நாள் பார்ப்போம்

கொலு பொம்மை ஆர்டர் குவிகிற, நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்தச் சமயத்தில்தான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

முதல் நாள் சாயங்காலமே என் கணவர் கேட்டார். “ஆஸ்பத்திரிக்குப் போலாமா?”

“சாதாக் காய்ச்சல்தான். மாத்திரை போட்டிருக்கேன். ரெண்டு நாள் பார்ப்போம்” என்றேன் நான்.

அந்த ரெண்டு நாளும் நான் வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. இங்கே ஊர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கிருந்து பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். ஆறாம் நாள், ஜன்னலுக்கு வெளியே காகங்கள் கத்த ஆரம்பித்த நேரத்தில், முடிந்துவிட்டது.

டாக்டர்கள் குறை வைக்கவில்லை. நான்தான் ஒரு டாக்டரை வழிமறித்துக் கேட்டேன். “ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா?” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சொல்ல முடியாதும்மா” என்றார். நல்ல மனிதர். ஆனால் அந்த வார்த்தை என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது.

சின்னப் பிள்ளைக்கு எதற்குப் பதினாறு நாள், மூன்றாம் நாளோடு முடித்துவிடு என்று சொந்தத்தில் சிலர் சொன்னார்கள். என் கணவர் கேட்கவில்லை. பெரியவர்களுக்குச் செய்வது போலவே எல்லாம் செய்தார். அதற்குப் பிறகு அவர் என்னோடு மனசுவிட்டுப் பேசுவதும் நின்றுவிட்டது.

சண்டை இல்லை. “சோறு இருக்குதா”, “கரண்ட் வந்திடிச்சா” என்கிற அளவில் பேச்சு இருந்தது. என் முகத்தைப் பார்க்கமாட்டார். நான் சொன்ன ‘ரெண்டு நாளை’த்தான் அவர் மனசுக்குள் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அப்படி நினைப்பதில் நியாயம் இருப்பதாகவும் எனக்குத் தோன்றியது.

நாலு இருபது

துக்கம் கேட்க வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. “விதி” என்றார்கள். “சாமிக்குப் புடிச்சிப்போச்சி” என்றார்கள். “இன்னும் வயசு இருக்குது, ஒண்ணு பெத்துக்க” என்றார்கள். எனக்கு அப்போது நாற்பது முடிந்திருந்தது.

அந்த மாதங்கள் எனக்கு வரிசையாக நினைவில்லை. குளத்துத் தண்ணீருக்கு அடியில் கண்ணைத் திறந்து பார்த்தால் எல்லாம் கலங்கி, பச்சையாக, மெதுவாக அசையுமே, அப்படித்தான் இருக்கின்றன. மணிமுத்தாற்று மணலில் அவள் எனக்கு முன்னால் நடந்துபோவாள். பாவாடையில் மணல் ஒட்டியிருக்கும். கூப்பிடுவேன், திரும்பமாட்டாள். விழித்தால் மத்தியானமாக இருக்கும். அடுப்பில் பால் தீய்ந்திருக்கும்.

நாலு இருபதுக்கு ஸ்கூல் வேன் தெருவில் ஹாரன் அடிக்கும். அது வேறு பிள்ளைகளுக்காக அடிக்கிறது. என் கால்கள் அது தெரியாமல் வாசலுக்குப் போகும்.

வியாழக்கிழமை

அந்த அக்காவின் பெயர் ஜெய்த்தூன். பதினேழாம் நாள் வந்தவர் சாயங்கால பஸ்ஸு வரைக்கும் இருந்தார். போகும்போது, “அடுத்த வியாழக்கிழமை வரேன்” என்றார். சொன்னபடி வந்தார். அதற்கடுத்த வியாழனும் வந்தார்.

ஆறுதல் எதுவும் சொல்லமாட்டார். பூண்டு உரிப்பார். துணி மடிப்பார். யாழினியைப் பற்றி ஏதாவது ஒன்று கேட்பார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் நான் கேட்டேன். “அக்கா, அன்னைக்கி ஏன் வந்தீங்க?”

“ஒங்கள்ல பதினாறு. எங்கள்ல நாப்பது. நாப்பத்தோராம் நாளு என் வூடு எப்பிடி இருந்திச்சின்னு எனக்குத் தெரியும், தங்கச்சி.”

அவருடைய மகன் அன்வர். மங்கலம்பேட்டையிலேயே செல்போன் ரிப்பேர் கடை வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டவன். இவர்தான் பிடிவாதம் பிடித்திருக்கிறார். எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் வளைகுடாவுக்குப் போகின்றன, நீ மட்டும் கடைத்தெருவில் உட்காரப்போகிறாயா என்று. அங்கே போய்ச் சேர்ந்த எட்டாவது மாதம் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான்.

“அங்கியே அடக்கம் பண்ணிட்டாங்க. ஒரு புடி மண்ணு நான் போடல” என்றார். பிறகு, நைட்டியின் அளவைச் சொல்கிற அதே குரலில் சொன்னார். “அவன் போறேன்னு சொல்லல. நான்தான் அனுப்பினேன்.”

“நான்தான் ரெண்டு நாள் பொறுக்கச் சொன்னேன்” என்றேன்.

அந்தப் பேச்சு என் வாயிலிருந்து வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. ‘அப்பிடில்லாம் இல்ல, ஒம்மேல தப்பு இல்ல’ என்று அவர் சொல்லியிருந்தால் நான் எழுந்து உள்ளே போயிருப்பேன். அவர் சொல்லவில்லை. என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தேன்; நகக்கண்ணில் பட்டறை மண் காய்ந்து அடைந்திருந்தது. கொண்டை ஊசியால் ஒவ்வொரு விரலாகச் சுத்தம் செய்தார். பத்து விரலும் முடிகிற வரைக்கும் நான் அழுதேன்.

“இத வூட்டுக்காரருகிட்ட சொன்னியா?”

“இல்லக்கா.”

“சொல்லிடு. அவரும் எதையோ வெச்சிக்கினு இருக்காரு. வாயத் தொறக்காத ஆம்பள வாயில ஏதோ ஒண்ணு இருக்கும்.”

நல்லூர் போகிற வழியில்

சில மாதம் கழித்து ஜெய்த்தூன் அக்கா ஒரு சேதி கொண்டுவந்தார். நல்லூருக்குப் பக்கத்து ஊரில், பம்ப்செட்டு கிணற்றில் ஆறு வயதுப் பையன் விழுந்து இறந்துவிட்டான். சொந்தக்காரர்கள் கிளம்பிப்போய்விட்டார்கள். பெற்றவள் எழுந்திருக்கவே இல்லையாம்.

“நான் பஸ்ஸுல வந்துடறேன். நீயும் அவரும் வாங்க” என்றார்.

என் கணவர் பீங்கான் சாமான் ஏற்றுகிற மினி லாரி ஓட்டுகிறார். அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் விஷயத்தைச் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு சாவியை எடுத்தார்.

ஊரைத் தாண்டியதும் ரெண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. வண்டியின் பின்னால், பொம்மைகளுக்கு மெத்தையாகப் போடுகிற வைக்கோல் மட்டும் இருந்தது. காற்றில் அது பறந்து பின்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

“ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கி ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டீங்க. நான்தான் வேணாம்னேன். ஆர்டர் நேரத்துல எப்பிடி லீவு கேக்கறதுன்னு யோசிச்சேன். எம்புள்ளய விட எனக்கு அது பெருசாத் தெரிஞ்சிருக்கு.”

அவர் வண்டியை ஓரங்கட்டினார். எஞ்சினை அணைக்கவில்லை. 

“நீ வேணாம்னு சொன்னப்ப எனக்கு எப்பிடி இருந்திச்சி தெரியுமா?”

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“அப்பாடான்னு இருந்திச்சி. மறுநாளு வெடியக்காலம் கெளம்ப ஒரு லோடு ஒத்துக்கினு இருந்தேன். நீ வேணாம்னதும், நல்லதாப் போச்சின்னு போயிப் படுத்துட்டேன். நல்லாத் தூங்கினேன் செல்வி. அந்த ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன். இத எப்பிடி ஒங்கிட்ட சொல்வேன்? ஒம் மூஞ்சியப் பாத்தா அதான் ஞாபகம் வருது.”

இத்தனை மாதமும் கோபம் என்று நான் நினைத்தது அதைத்தான்.

முந்திரிப் பழத்தின் புளித்த வாசனை வண்டிக்குள் வந்தது.  பின்னால் ஒரு பஸ்ஸு ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப்போனது. அவர் தோள்துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“மூஞ்சியத் தொடச்சிக்க. அடுத்தவங்க வூட்டுக்கு அழுத மூஞ்சியோட போகக் கூடாது” என்றவர், கியரைப் போட்டுவிட்டு, “நாம போற வூட்டுக்கு அப்பிடிப் போனாத்தான் என்னா” என்றார்.

அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

மாடு உதைத்த கதை

அந்த வீட்டில் பையனின் அப்பா பழனி மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கோமதி உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று நிலைப்படியில் நின்று சொன்னேன். அவள் திரும்பவில்லை.

“போயிடுங்க. எனக்கு யாரும் வேணாம்.”

எங்களுக்கு முன்பே பஸ்ஸில் வந்திருந்த அக்கா என் கையைத் தொட்டார். வெளியே வந்து புளியமரத்து நிழலில் உட்கார்ந்தோம். கொட்டகையில் மாடு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. மடி வீங்கிப் பளபளத்தது.

“எங்க அம்மா இருந்தவரைக்கும் எப்பிடியோ கறந்தாங்க. நேத்து ஊருக்குப் போயிட்டாங்க. எங்கிட்ட நிக்காது. அது கோமதி கைக்குப் பழகினது” என்றார் பழனி.

அக்கா என்னைப் பார்த்தார். “எனக்கு நைட்டி விக்கத்தான் தெரியும்.”

சின்ன வயதில் பக்கத்து வீட்டு மாட்டில் ரெண்டு தடவை பால் பீய்ச்சியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் சொம்பை எடுத்துக்கொண்டு போய்க் குந்தினேன். காம்பைத் தொட்டதுதான் தெரியும். சொம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சொம்பு கணகணவென்று வாசல் வரைக்கும் உருண்டது. என் புடவையெல்லாம் சாணம். என் கணவர் தூக்க வந்து அவரும் வழுக்கினார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “எம் மாட்ட யாரு தொட்டது?”

கோமதி வாசலுக்கு வந்துவிட்டாள். அவிழ்ந்த தலை, கசங்கிய புடவை. நேராக என்னிடம் வந்தாள்.

“தள்ளு அந்தாண்ட. கன்னுக்குட்டிய அவுக்காம மடியில கைய வெச்சா ஒதைக்காம என்னா பண்ணும்? மாட்ட வெச்சி வெளையாடறீங்களா?”

கன்றை அவிழ்த்து ஊட்டவிட்டாள். பிறகு அதை இழுத்துக் கட்டிவிட்டுக் குந்தினாள். சொம்பில் பால் விழுகிற சத்தம் முதலில் கணீரென்றும், நிறைய நிறைய மெத்தென்றும் கேட்டது. மாடு கத்துவதை நிறுத்திவிட்டது. கோமதி நெற்றியை மாட்டின் வயிற்றில் வைத்துக்கொண்டு கறந்தாள்.

“ஹரிஷுக்கு நொரையோட வேணும்” என்றாள் மாட்டிடம். “கறக்கறப்பவே டம்ளர நீட்டிக்கினு நிப்பான்.”

கறந்துகொண்டே அழுதாள். கை நிற்கவே இல்லை.  பழனி வந்து அவள் பக்கத்தில், அந்தச் சாணத்திலேயே உட்கார்ந்தார்.

அன்றைக்கு டீ போட்டது கோமதிதான். எனக்கு மாற்றிக்கொள்ள ஒரு புடவையும் கொடுத்தாள். கிளம்பும்போது பழனி வண்டிவரைக்கும் வந்தார். கோமதி கொட்டகையில் நின்றபடியே கேட்டாள். “மறுபடி வருவீங்களா?”

“வியாழக்கிழமை வரோம். ஆனா எந் தங்கச்சி மாட்டுக்கிட்ட போவாது” என்றார் ஜெய்த்தூன் அக்கா.

எங்கள் வண்டி

அப்படித்தான் ஆரம்பித்தது. இதற்குப் பெயர் கிடையாது, பலகை கிடையாது. யாராவது சேதி சொல்வார்கள். சில வீட்டில் மூன்றாம் நாளோடு முடிப்பார்கள், கிறிஸ்தவர்கள் வீட்டில் வேறு கணக்கு. எங்களுக்குப் பதினேழாம் நாள் என்றால் கூட்டம் கலைந்த மறுநாள். அடுத்த வருஷத்திலிருந்து கோமதியும் எங்களோடு வருகிறாள். நான் போகிற வியாழக்கிழமைகளில் பட்டறையில் என் வரிசைப் பெண்கள் என் பங்குப் பொம்மைகளையும் சேர்த்துத் துடைத்துவைப்பார்கள். கேட்டால், “நீ போயிட்டு வா” என்பார்கள்.

போய் என்ன செய்கிறோம் என்று கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாத்திரம் தேய்ப்போம். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுவோம். ரேஷன் கார்டிலிருந்து பிள்ளை பெயரை எடுக்கவேண்டும், ஸ்கூலில் கையெழுத்துப் போடவேண்டும். அதற்கெல்லாம் அப்பாக்களோடு என் கணவர் போவார். அந்த வரிசையில் தனியாக நின்ற அனுபவம் அவருக்கு உண்டு.

சில வீடுகளில் கதவைத் திறக்கமாட்டார்கள். ஒரு வீட்டில் எங்கள் மேல் தண்ணீரை எடுத்து ஊற்றினார்கள். அதிலும் தப்பில்லை.

வெள்ளாற்றங்கரையில்

போன மாதம் சேத்தியாத்தோப்புக்குப் போனோம். ஆற்றை ஒட்டின வீடு. பைக் விபத்தில் ஒரே மகன் போய்விட்டான். அவன் அம்மாவைச் சில நாள் வைத்திருக்கிறேன் என்று அந்த அம்மாவின் தம்பி கூட்டிக்கொண்டு போயிருந்தார். அப்பா மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தையல்காரர். மூலையில் மிஷின் மேலே துணி போட்டு மூடியிருந்தது.

நாங்கள் போய்ப் பாயில் உட்கார்ந்தோம். அவர் எங்களைப் பார்த்தாரா என்பதே தெரியவில்லை. ஆற்றுக் காற்றில் திரைச்சீலை உள்ளே வந்து வந்து போனது. ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்து, கட்டில் காலைத் தொட்டு, சுவரில் ஏறியது. எனக்குக் கண்ணைச் சுழற்றியது. தூக்கமா விழிப்பா என்று புரியாத அந்தப் பழைய நிலைமை. யாரோ பேசியதும் திடுக்கிட்டேன்.

“எப்பங்க சரியாவும்?” அவர் என் கணவரைப் பார்த்துக் கேட்டார். “நீங்க பாத்தவங்கதான. சொல்லுங்க.”

என் கணவர் இந்த மாதிரி இடங்களில் அதிகம் பேசுகிறவர் இல்லை. என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

“சரியாவாதுங்க” என்றார். “எனக்கு நாலு வருஷம் ஆவுது. இன்னமும் காலையில முழிச்சதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியாது. அப்புறம் தெரிஞ்சிடும்.”

“தெரிஞ்சதும்?”

“தெனமும்தான் தெரியுது. எழுந்திரிச்சி வண்டிய எடுக்கறேன். மொதல்ல வண்டி எடுக்கறதே தப்புன்னு நெனச்சேன். இப்ப அப்பிடித் தோணல.”

தையல்காரர் தலையை ஆட்டினார்.  பிறகு நிமிர்ந்து எங்கள் ஒவ்வொருவரையாகப் பார்த்தார். ஜெய்த்தூன் அக்காவை, கோமதியை, என்னை. அப்போதுதான் வீட்டுக்குள் ஆட்கள் இருப்பதைக் கண்டவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

“மணி என்னா ஆவுது?”

“மூணு இருக்கும்” என்றாள் கோமதி.

“காலையிலயே வந்தீங்க இல்ல? யாரும் சாப்பிடலியே?”

கட்டிலிலிருந்து இறங்கினார். தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அரிசி அளக்கிற சத்தம் கேட்டது. கோமதி எழுந்திருக்கப் போனாள். ஜெய்த்தூன் அக்கா அவள் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“வுடு. அவரு வெக்கட்டும்.”

“ரசம்தாங்க வெக்கத் தெரியும், பரவால்லியா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“தாராளமா வைங்க” என்றார் என் கணவர்.

புளி கரைத்தார், மிளகு தட்டினார். கொஞ்ச நேரத்தில் தாளிக்கிற வாசனை கூடம் முழுக்கப் பரவியது. எங்களுக்குத் தட்டுப் போட்டுப் பரிமாறிவிட்டு, நாங்கள் சொன்ன பிறகு தனக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

ரசத்தில் உப்பு அதிகம். எல்லாரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.